கெட்ட நேரம் கூப்பிடுகிறது

நாட்டுக்காக ஆடும் கிரிக்கெட் அணியில் ஒருவருக்கு இடம் கிடைத்தால், அந்தச் சேதியைத் தேர்வுக்குழுத் தலைவர் சொல்வார். இடம் பறிபோனால் நம்ம ஆள் சொல்வார். வாரிய அலுவலகத்தில் இது எழுதி வைக்காத வழக்கம். யார் ஆரம்பித்து வைத்தது என்று கேட்டால் எல்லோரும் மோட்டுவளையைப் பார்ப்பார்கள். நல்லதைச் சொல்லப் பெரியவர்கள் முண்டியடித்தார்கள். கெட்டதை யார் தலையிலாவது கட்ட வேண்டியிருந்தது. மூலை மேஜையில் அணிக்கு விமான டிக்கெட் போட்டுக்கொண்டிருந்த சாதுவான மனிதர் ஒருவர் வசதியாக அகப்பட்டார்.

அன்று முதல் அவர் போன்காரர். அது அலுவலகம் வைத்த பெயர். ஆட்டக்காரர்கள் வைத்த பெயர் அவருக்கு ரொம்ப நாள் தெரியாது. ஒருமுறை விமான நிலையத்தில் பெட்டி மாறிப்போனதற்காக ஒரு பந்துவீச்சாளனைக் கூப்பிட்டார். அவன் அவருக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தான். அவன் கையில் அதிர்ந்த போனில் கொட்டை எழுத்தில் 'கெட்ட நேரம்' என்று வந்தது. பையன் அசடு வழிந்தான். "பரவால்ல தம்பி, என் சொந்தப் பேரை விட இது சுலபமா ஞாபகம் இருக்கும்" என்று சிரித்து வைத்தார் போன்காரர். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லும்போதுதான் அந்தச் சிரிப்பு வரவில்லை.

"அவங்களைச் சொல்லி என்ன குத்தம்? நீங்க கல்யாண வீட்டுல வாழ்த்துச் சொன்னாலே துக்கம் விசாரிக்கற மாதிரிதான் இருக்கு" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு, அவர் குடிக்காமல் ஆறவிட்ட டீயை எடுத்துப் போய்ச் சூடு பண்ணிக் கொண்டுவந்தாள். அந்த வீட்டில் சமாதானம் அப்படித்தான் வரும்.

அந்தப் பாழாய்ப்போன வேலையையும் அவர் ஒழுங்காகச் செய்தார் என்பதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். கதவைச் சாத்திக்கொள்வார். "தம்பி, கொஞ்சம் உட்கார்ந்துக்குங்க" என்று ஆரம்பிப்பார். சுற்றி வளைக்காமல், "இந்தத் தடவை உங்க பேரு இல்ல" என்பார். பிறகு, "சாப்பிட்டீங்களா?" என்று ஒரு கேள்வி. ஏன் எடுத்தார்கள் என்று அவருக்கே தெரியாது, தெரிந்த மாதிரி நடிக்கவும் மாட்டார். சிலர் கத்துவார்கள், சிலர் அழுவார்கள், சிலர் பேச்சே இல்லாமல் போனைக் காதில் வைத்துக்கொண்டிருப்பார்கள். எதிர்முனை வைக்காமல் இவர் வைத்ததே கிடையாது. "கெட்டதைச் சொல்லிட்டு டக்குனு வைக்கறது, ஆளைத் தள்ளி விட்டுட்டு ஓடற மாதிரி" என்பார் மனைவியிடம். கட்டைவிரல் அந்தச் சிவப்புப் பொத்தான் பக்கமே போகாதாம்.

இதற்கிடையில் அணி தோற்றது. வெளியூரில் தோற்றது, சொந்த மண்ணில் தோற்றது, நேற்றுத்தான் மட்டை பிடிக்கக் கற்றுக்கொண்ட நாடுகளிடமெல்லாம் மண்ணைக் கவ்வியது. ஜனங்கள் முதலில் திட்டினார்கள். அப்புறம் திட்டுவதையும் விட்டுவிட்டு வேறு சேனல் பார்க்கப் போய்விட்டார்கள். அப்போதுதான் வாரியம் விழித்துக்கொண்டது. தேர்வுக்குழு முழுவதையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, புதுக் குழுவையும் அதற்குத் தலைவராக ஒருவரையும் கொண்டுவந்தார்கள். அவர் அந்தக் காலத்து வேகப்பந்து வீச்சாளர். படியேறினால் முழங்கால் சத்தம் முதலில் வரும், ஆள் பின்னால் வருவார்.

புது அணியைத் தேர்ந்தெடுத்த அன்று காலையில் அவர் போன்காரரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"என்னைத் தூக்கினப்போ நீங்கதான் போன் பண்ணீங்க, ஞாபகம் இருக்கா அண்ணே?"

"இருக்கு சார்."

"உங்களைக் கன்னாபின்னான்னு திட்டினேன். நீங்க வைக்கவே இல்ல. கடைசியில திட்ட வார்த்தை இல்லாம நான்தான் வச்சேன்." தலைவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். "நல்லது சொல்ல ஒரு ஆளு, கெட்டது சொல்ல ஒரு ஆளுன்னு வச்சிருந்தா, மணி அடிக்கும்போதே பசங்களுக்குப் பாதி உயிர் போயிடுது. இனிமே ரெண்டும் ஒரே வாயில வரட்டும். நீங்களே சொல்லுங்க."

பாதிப் பேர் புதுசு. அதைவிடப் பெரிய சேதி, கேப்டன் புதுசு. இதுவரை எவனும் கேப்டன் என்று நினைத்தே பார்க்காத விக்கெட் கீப்பர்.

"மூணு தடவை வெளிய போயிட்டு, மூணு தடவையும் திரும்பி வந்தவன்" என்றார் தலைவர். "தோத்துத் தோத்து பயந்து கிடக்கற பசங்களுக்கு அவன்தான் சரி. ஆனா குழுவுல மத்தவங்களுக்கு இஷ்டமில்ல. சாயங்காலம் நிருபருங்க வர்றாங்க. அதுக்குள்ள அவன் வாயால சரின்னு வரலன்னா, அவங்க சொல்ற ஆளுதான். அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

போன்காரர் மேஜைக்கு வந்து தண்ணீர் குடித்தார். 'வாழ்த்துகள் தம்பி' என்று சுவரைப் பார்த்து இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒருவனைச் சந்தோஷப்படுத்தப் போகிறார். பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார்.

யாரும் போனை எடுக்கவில்லை.

எடுப்பார்களா? கெட்ட நேரம் கூப்பிட்டால் எவன் எடுப்பான்? மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ஒரு பையனின் அம்மாதான் எடுத்தாள். "ஐயா, அவன் இப்பத்தான் சாப்பிட உட்கார்ந்தான். சாப்பிட்டு முடிக்கட்டும், அப்புறம் சொல்லுங்களேன்" என்று கெஞ்சினாள். அணியில் சேர்த்திருக்கிறார்கள் என்று இவர் சொன்னதும், "நீங்க அவர்தானே?" என்று சந்தேகப்பட்டாள். அவள் நம்பி, மகனிடம் சொல்லி, அவன் மற்றவர்களுக்குச் சொல்லி, ஒவ்வொருவனாகத் திரும்பக் கூப்பிட ஆரம்பித்தார்கள். கீப்பர் மட்டும் கூப்பிடவில்லை. அவன் போன் முதலில் அடித்தது. பிறகு அணைந்தே போனது.

போன்காரர் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

கீப்பரின் மனைவி வீட்டிலேயே துணி தைப்பவள். கழுத்தில் அளவு நாடாவோடு கதவைத் திறந்தவளுக்கு, இவரைப் பார்த்ததும் முகம் செத்துப் போயிற்று.

"போன் எடுக்கலன்னா வீட்டுக்கே வந்துடுவீங்களா?" என்றாள். உடனே அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "உள்ள வாங்க. மாடியில தண்ணித் தொட்டி கழுவறாரு. உங்க போன் வந்ததும் அணைச்சு அலமாரியில போட்டுட்டு ஏறினவர்தான். போதுமாம். நாளைக்கு அவரே ஓய்வுன்னு சொல்லிடப் போறாராம்."

அவள் தையல் இயந்திரத்துக்குத் திரும்பினாள். பேச்சுச் சத்தம் கேட்டு கீப்பர் இறங்கி வந்தான். கால்சட்டை முழங்கால் வரை சுருட்டியிருந்தது, உடம்பெல்லாம் தண்ணீர். பந்து பட்டுப் பட்டு ஒடிந்து கோணிப்போன விரல்களால் நாற்காலியைத் துடைத்து இவர் பக்கம் நகர்த்தினான்.

"உட்காருங்க அண்ணே. வெயில்ல பஸ்ஸிலயா வந்தீங்க? சாப்பிட்டீங்களா?"

மூன்று தடவை தான் அவனிடம் கேட்ட கேள்வி அது என்று போன்காரருக்குப் புரிந்தது. தன் இடத்தைப் பறிக்க வந்தவர் என்று நினைத்துக்கொண்டும், அவருக்கே ஆறுதல் சொல்கிறான் இந்தப் பிள்ளை. அவருக்கு மனசு உருகிவிட்டது. பஸ்ஸில் சொல்லிப் பார்த்து வந்த வாழ்த்தெல்லாம் எங்கேயோ ஓடிப் போயிற்று. வாய் மட்டும் பழகின தடத்தில் போனது.

"தம்பி, கொஞ்சம் உட்கார்ந்துக்குங்க."

தையல் இயந்திரம் நின்றது. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் கடைசிப் படியில் உட்கார்ந்தான்.

"சொல்லுங்க அண்ணே."

"இந்தத் தடவை உங்க பேரு..." நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தார். "உங்க பேருதான் தம்பி முதல் பேரு. நீங்கதான் கேப்டன்."

அவன் அசையவில்லை. "ஆறுதலுக்காக இப்படியெல்லாம் சொல்லாதீங்க அண்ணே" என்றான் மெதுவாக.

போன்காரர் தலைவரைக் கூப்பிட்டுப் போனை அவன் காதில் வைத்தார். தலைவர் என்ன சொன்னாரோ, இவன் சொன்னதெல்லாம் "சார்", "சார்", கடைசியில் "சரி சார்." அவ்வளவுதான். அவன் மனைவி வந்து ஈர முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள், அதே முதுகில் முகத்தை வைத்து அழுதாள். போன்காரரும் அழுதார். நல்ல சேதி சொன்னால் இப்படி இருக்குமென்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவன் தலையைத் தூக்கினான். "அப்போ அவனுக்கு?"

அவன் என்றால், நேற்று வரை கேப்டனாக இருந்தவன். பள்ளிக்கூடத்திலிருந்தே இவனுக்குக் கூட்டாளி.

"அணியிலயே இல்ல தம்பி. உங்க சரி வந்த பிறகுதான் அவர்கிட்டச் சொல்லணும்."

"அவன் டிவியில பாத்துத் தெரிஞ்சுக்கக் கூடாது. இங்கிருந்தே போடுங்க. நானும் பக்கத்துல இருக்கேன்."

இந்த மாதிரிப் போனை அவர் தனியாகத்தான் பேசுவார். அன்று சாத்துவதற்குக் கதவு இல்லை. படியில் கீப்பர் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணை அழுத்தி, இருவருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். எடுக்க மாட்டான் என்றுதான் எதிர்பார்த்தார்.

முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டான். அவனை ஒருநாளும் யாரும் அணியை விட்டு எடுத்ததில்லை. அவனுடைய போனில் மட்டும் இவர் கெட்ட நேரம் இல்லை.

"சொல்லுங்க அண்ணே! டிக்கெட் போட்டாச்சா?"

போன்காரர் கண்ணை மூடிக்கொண்டார். கீப்பரின் கோணல் விரல்கள் அவர் தோளைப் பிடித்தன.

"தம்பி, கொஞ்சம் உட்கார்ந்துக்குங்க."

சொன்னார். யார் கேப்டன் என்பதையும் சொன்னார். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. "நான் இங்கதான்டா இருக்கேன்" என்றான் கீப்பர், போன் பக்கம் குனிந்து.

ரொம்ப நேரத்துக்குப் பிறகு குரல் வந்தது. "அண்ணே, முன்வரிசை ஜன்னல் சீட்டை எனக்குத்தானே எப்பவும் போடுவீங்க. அதை அவன் பேருக்கு மாத்திடுங்க. பறக்கும்போது அவனுக்குப் பயம். வெளியே பாத்துட்டு இருந்தா சரியாயிடுவான்."

கீப்பர் முகத்தைப் பொத்திக்கொண்டான். "மாத்திடறேன் தம்பி" என்றார் போன்காரர். "சாப்பிட்டீங்களா?"

"இல்ல அண்ணே" என்றான் அவன். ஆனால் வைக்கவில்லை. இவர்களும் வைக்கவில்லை.