பாலீஷ் போட்ட யாளி

தி.நகரில் நகைக்கடை வைத்திருக்கும் சண்முகசுந்தரத்தின் மனைவி பேச்சியம்மாளின் கழுத்து, கடைக்கு இன்னொரு ஷோகேஸ். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் புது டிசைன் ஒன்றை மாட்டிக்கொண்டு போவாள். நாலு பேர் விசாரிப்பார்கள். மறுநாள் ஆர்டர் வரும். முப்பது வருஷம் இப்படியே ஓடிவிட்டது. உனக்கு இது பிடித்திருக்கிறதா என்று ஒருவரும் கேட்டதில்லை.

பிள்ளைகள் வெளியூர் போனபின், அடையாறில் வஜீஹா என்கிற ஓவியர் நடத்தும் எட்சிங் வகுப்பில் சேர்ந்தாள். செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் படம் கீறி, அமிலத்தில் போட வேண்டும். மெழுகு விலகிய கோட்டை அமிலம் அரிக்கும். அந்தப் பள்ளத்தில் மை தேய்த்து, ஈரத்தாளை வைத்து உருளையில் அழுத்தினால் படம் தாளுக்கு வந்துவிடும். பேச்சியம்மாள் கீறியது ஒரு யாளி. அதன் வாயிலிருந்து கொடி, கொடியெல்லாம் இறகு முளைத்த மீன்கள், வால் நுனியில் ஒரு கோபுரம். எந்தக் கழுத்திலும் தொங்காத ஒன்றைச் செய்ததில் அவளுக்கு அப்படியொரு சந்தோஷம்.

கண்காட்சியில் வைக்கலாம் என்றாள் வஜீஹா. சோதனைக்கு ஒரே ஒரு தாள் அச்செடுத்துவிட்டு, மற்றதை அடுத்த வகுப்பில் எடுத்துக்கொள்ளலாம் என்று, கணவரிடம் காட்டத் தகட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள் பேச்சியம்மாள். நகைக்காரர் கண்ணுக்கு அழுக்குச் செம்பு பொறுக்குமா? மறுநாள் மாலை அவரே தகட்டைப் பெருமையாக நீட்டினார்.

"கீறலும் கறுப்புமா கெடந்துச்சு. பட்டறையில குடுத்து நல்லா இழைச்சு, பாலீஷ் போட்டு வாங்கியாந்துட்டேன். மொகம் பாக்கலாம், பாத்துக்க."

பார்த்தாள். முகம்தான் தெரிந்தது. யாளி போயே போய்விட்டது.

அவள் அழுததும் மனுஷர் பதறிப்போனார். பாவம், நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தார். அந்த நல்லெண்ணத்தைத் தூக்கி எந்த உலையில் போடுவது?

"அந்தத் தாளக் குடு. அப்படியே தங்கத்துல செஞ்சு தாரேன், நீயே போட்டுக்க."

"போட்டுக்கிடவா வரைஞ்சேன்? ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா."



கண்காட்சியில் அந்த ஒற்றைத் தாள் அவள் பெயரோடு தொங்கியது. சண்முகசுந்தரமும் வந்து அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். கடைக்கு வழக்கமாக வரும் ஒரு அம்மாள் அவரைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள்.

"இந்த யாளிய ஒட்டியாணத்துல வச்சுக் குடுப்பீங்களா? பொண்ணு கல்யாணத்துக்கு."

"தாராள..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். "அவளத்தான் கேக்கணும்."

இரண்டு பேரும் பேச்சியம்மாளைப் பார்த்தார்கள்.

"இல்லம்மா. தர மாட்டேன்."

அந்த அம்மாள் விடாமல் சண்முகசுந்தரத்தின் பக்கம் திரும்பினாள்.

"தர மாட்டேங்கா," என்றார் அவர். "கடைக்கு வாங்க, வேற காட்டுதேன்."