புவனகிரி வயலில் ஒரு நண்டுண்ணி

நடந்தது உண்மை என்று தனக்கே தெரிந்திருக்கும்போது, பிறர் நம்புவது ஒருவருக்கு எதற்காகத் தேவைப்படுகிறது? செம்மண்டலத்தில் வசிக்கும் கணக்கு ஆசிரியர் தேவசகாயத்தை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி வருகிறது. அவரை ரொம்பவும் மெச்ச முடியாது. பிறர் தவறைத் திருத்துவதில் இருந்த ருசி, தன் தவறை ஒப்புக்கொள்வதில் அவருக்கு இருந்ததில்லை.

ஞாயிறுகளில் பறவை பார்க்கப் போவார். புயல் கரை கடந்த வாரம் கிள்ளைக் கடற்கரைக்குப் போய்விட்டு, புவனகிரி வழியாகத் திரும்பினார். அங்கே, தண்ணீர் வடிந்த வயலில் ஒரு நண்டுண்ணி நின்றது. வெள்ளை உடம்பு, கறுப்பு முதுகு, தடித்த அலகு. கடலோரச் சேற்றை விட்டு உள்ளே வராத பறவை, வயல் நண்டைக் கொத்திக்கொண்டிருந்தது. மண்டியிட்டுப் படமெடுத்தார்.

ஆனால் பார்த்த பறவைகளைக் குறிக்கும் செயலியில், கிள்ளையில் தொடங்கிய பதிவை அவர் முடிக்க மறந்திருந்தார். பறவை கடற்கரைக் கணக்கில் ஏறியது. மறுநாள் இடத்தைப் புவனகிரி என்று மாற்றினார். படத்தில் பறவையும் சேறும் மட்டுமே இருந்தன.

பதிவுகளைச் சரிபார்க்கும் ஞானசேகரன், அண்ணாமலை நகரில் இருப்பவர், பறவை பார்ப்பவர்களின் வாட்ஸப் குழுவில் எழுதினார்: "தேவா சார், கிள்ளையில இருந்தத புவனகிரிக்கு பஸ் ஏத்திட்டீங்களா?"

தேவசகாயத்தின் பள்ளியில் வேலைபார்க்கும் அருண்குமார், அவரே குழுவில் சேர்த்துவிட்டவர், தொடர்ந்தார்: "அடுத்த வாரம் நெய்வேலில பென்குவின் காட்டுவாரு."

சிரிப்புப் பொம்மைகள் வந்து குவிந்தன. பதிவு நிராகரிக்கப்பட்டது. இருபது வருடம் பையன்களிடம் "பொய் சொல்லாதே" என்றவருக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு மீண்டும் அந்த வயலுக்குப் போனார். வயல்காரர் கொளஞ்சியப்பன் வரப்பில் நின்றிருந்தார்.

"அது போச்சு சார். நாய் புடிச்சிடுச்சு. நல்ல பறவ, நண்ட ஒழிச்சிக்கிட்டு இருந்துச்சு."

தேவசகாயம் வரப்பில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கி நீங்க மண்டி போட்டு படம் எடுத்தீங்கல்ல, சிரிப்பா இருந்துச்சுன்னு நானும் வீடியோ எடுத்தேன். இந்தா பாருங்க, நீங்க, பறவ, நம்ம மோட்டார் கொட்டா, எல்லாம் தெரியிது. அனுப்பவா?"

"அனுப்புங்க."

வீட்டில் அதைப் பார்த்த மனைவி பிரிசில்லா துள்ளினாள். "குரூப்புல போடுங்க. அந்தாளு வாய் அடையட்டும்!"

தேவசகாயம் காணொளியை யாருக்கும் அனுப்பவில்லை. பதிவைத் திறந்து, இடத்தைத் திரும்பவும் கிள்ளைக் கடற்கரை என்று மாற்றினார். பிறகு குழுவில் எழுதினார்: "ஞானசேகரன் சார் சொன்னதே சரி. தவறு என்னுடையது."

அவரது நேர்மையைப் பாராட்டி ஞானசேகரன் கைகூப்பும் பொம்மை போட்டார்.

"செய்யாத தப்ப ஏன் ஒத்துக்கிட்டீங்க?" என்று பிரிசில்லா அன்று கேட்டாள். இன்றும் கேட்கிறாள். அவர், தனக்குத் தெரிந்தது போதும் என்பதுபோல், அந்தக் காணொளியை இன்னொரு முறை போட்டுப் பார்க்கிறார்.