இடி இடித்தால் கழற்ற வேண்டிய வயர்

போன வாரம் ஒரு மத்தியானம், கோலாலம்பூரை அடுத்த ரவாங்கில் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. முதல் இடி கேட்டதும் நான் நாற்காலியை விட்டு எழுந்துபோய் டிவிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினேன். மகள் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கி, "என்னாப்பா தேடுறீங்க?" என்றாள். சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த டிவிக்கு ஆண்டெனா வயரே கிடையாது. எல்லாம் காற்றிலேயே வருகிறது. சுவரோரத்தில் ரௌட்டர் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பிஸ்கட் டப்பா அளவுகூட இல்லை. இதன் முன்னோர் ஒருவரோடு நான் பட்ட பாட்டைச் சொன்னால் மகள் நம்பமாட்டாள். நீங்கள் நம்புவீர்கள்.

எண்பதுகளின் கடைசி. செரண்டா பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. ரப்பர்த் தோட்ட வேலையிலிருந்து தப்பிவிட்டோம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முதல் நாள் கேட்டுக்குள் நுழைந்தால், அப்பாவின் சட்டையில் அடிக்குமே, அதே ரப்பர் பால் வாடை. அமோனியா கலந்து இன்னும் கொஞ்சம் காரமாக. நான் விட்டாலும் வாடை விடாது போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டேன். கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் படித்த ஒரு சர்டிபிகேட் கையில் இருந்ததால் என்னைக் 'கம்ப்யூட்டர் தம்பி' ஆக்கிவிட்டார்கள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆனால் அம்மாவோ, மகனுக்கு வேலை நிரந்தரமானதும் ரவாங்கில் வாடகை வீட்டுக்குப் போகப்போகிறோம் என்று நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். சாமி படத்தை எந்தச் சுவரில் மாட்டுவது என்பதுகூட முடிவாகிவிட்டது. வேலை போனால் நான் தோட்ட வேலைக்குப் போய்விடலாம். அம்மா எந்த முகத்தை வைத்துக்கொண்டு குழாயடிக்குப் போவார்?

அப்போது ரௌட்டர் என்று தனிப் பெட்டி எங்களுக்கு ஏது? சர்வரே அந்த வேலையையும் சேர்த்துப் பார்த்தது. அதன் முதுகில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள். ஒன்றிலிருந்து கிளம்பும் கறுப்புக் கேபிள் ஆபீஸ் மேசைகளைத் தொட்டுக்கொண்டு போகும். இன்னொன்று கூரையோரமாக ஏறி, லோரிகள் நிற்கும் முற்றத்தைத் தாண்டி ஸ்டோருக்குப் போகும். எத்தனை பெட்டி கட்டியாயிற்று என்ற கணக்கு ஸ்டோரிலிருந்து இந்த இரண்டாவது கார்டு வழியாக வந்தால்தான் ஆபீஸில் இன்வாய்ஸ் அடிக்க முடியும். இன்வாய்ஸ் வந்தால்தான் லோரி கிள்ளான் துறைமுகத்துக்குக் கிளம்பும். நாள் முழுக்க அந்தக் கார்டுக்கு மூச்சுவிட நேரமிருக்காது.

அதுதான் மத்தியானத்துக்கு மேல் திடீர் திடீரென்று படுத்துக்கொள்ள ஆரம்பித்தது. சர்வர் திரையில் இரண்டாவது கார்டு பதில் சொல்லவில்லை என்று வரும். சர்வரை நிறுத்தி மறுபடி கிளப்பினால்தான் உயிர் வரும். நிறுத்தினால் ஆபீஸ் மொத்தமும் கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்க்கும். மேனேஜர் ஒரு சீனர், அதிகம் பேசாதவர். என் பின்னால் வந்து சும்மா நிற்பார். திட்டினால்கூடத் தேவலை என்றிருக்கும்.

கோலாலம்பூரிலிருந்து சப்ளையர் ஆள் டை கட்டிக்கொண்டு வந்து கார்டை மாற்றிவிட்டுப் போனார். புதுக் கார்டும் படுத்தது. பழையதைச் சோதித்துவிட்டு, நன்றாகத்தானே வேலை செய்கிறது என்றார்கள். நான் கார்டை வேறு துளையில் செருகிப் பார்த்தேன். கார்டின் மேலிருக்கும் குட்டி ஊசிகளை இடம் மாற்றிப் பார்த்தேன். சூடாகிறதோ என்று சர்வரின் மூடியைக் கழற்றி மேசை விசிறியை வைத்தேன். ஆபீஸ் பெண்கள் அதற்கு மோரும் கொடுக்கலாமே என்று கிண்டலடித்தார்கள்.

கடைசியில்தான் புத்தி வந்தது. இரண்டு கார்டையும் ஒன்றுக்கொன்று இடம் மாற்றினேன். கோளாறு கார்டில் இருந்தால் அது கார்டோடு கூடவே ஆபீஸ் பக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மறுபடியும் ஸ்டோர் பக்கம்தான் படுத்தது. பாவம், கார்டுகள் ஒரு பாவமும் அறியாதவை. கோளாறு கேபிளில்.

இன்னொன்றும் தெரிந்தது. மழை நாளில் மட்டுமே படுக்கிறது. எங்கேயோ தண்ணீர் இறங்குகிறது என்று முடிவு கட்டினேன். மழை விட்டதும் மீட்டரை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போவேன். அளந்தால் எல்லாம் சுத்தமாக இருக்கும். இருந்தும் இணைப்புகளுக்கெல்லாம் டேப் சுற்றினேன். ஏணியைப் பிடித்துக்கொண்டவர் லெட்சுமி அக்கா. ஸ்டோரில் கணக்கு ஏற்றுபவர், எங்கள் தோட்டத்துக்காரர், எங்கள் லயத்துக்குப் பின்லயம். அக்காவிடம் கம்ப்யூட்டரை ஒப்படைத்தபோது, இது கெட்டால் நீதான் பதில் சொல்ல வேண்டும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அதிலிருந்து அக்கா அதற்குத் துணி போர்த்தி வைப்பார். பக்கத்தில் யாரும் தேத்தண்ணியோடு நிற்க முடியாது.

மழை பெய்யும்போதே ஏன் போய்ப் பார்க்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். குடை இருந்தது. ஆனால் இடி இடிக்கும்போது வெட்டவெளியில் குடையை விரிக்கக்கூடாது என்று லயத்துப் பிள்ளைக்குத் தாய்ப்பாலோடு சொல்லியிருக்கிறார்கள். போன் பண்ணலாம்தான். இடி நேரத்தில் அக்கா போனை எடுக்கமாட்டார்.

இப்படியே போய், பெரிய ஆர்டர் ஒன்று கண்டெய்னரில் ஏறும் நாள் வந்தது. இன்றைக்கும் நின்றால் இந்தப் பெட்டிகளையெல்லாம் சப்ளையரிடமே திருப்பிவிட்டு டைப்ரைட்டருக்குப் போகிறோம் என்று மேனேஜர் காலையிலேயே சொல்லிவிட்டார். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை.

மத்தியானம் வானம் கறுத்தது. லோரி இன்வாய்சுக்காகக் காத்து நின்றது. முதல் இடி இடித்தது. கொஞ்ச நேரத்தில் திரை அதே பல்லவியைப் பாடியது. என்னையும் அறியாமல் எழுந்து ஓடினேன். மேனேஜர் பயம் இடிப் பயத்தை ஜெயித்துவிட்டது. முற்றத்தைக் கடப்பதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டேன்.

ஸ்டோரில் அக்கா கம்ப்யூட்டரை அணைத்துவிட்டிருந்தார். அதன் பின்னால் சர்வரிலிருந்து வரும் கேபிளையும் ஸ்டோரின் மறுமுனைக்குப் போகும் கேபிளையும் கழற்றி, ஒவ்வொரு முனையிலும் ஒரு கழிவுக் கையுறையை மாட்டி, ரப்பர் பேண்டால் கட்டிக்கொண்டிருந்தார். பத்து விரல்களும் மேசைமேல் நீட்டிக்கொண்டு கிடந்தன.

"என்னாக்கா பண்றீங்க?"

"இடி இடிக்குதுல்ல தம்பி. வயர கழட்டி வெச்சாத்தான் பொட்டி பொழைக்கும். ஒங்க வீட்டுல செய்யமாட்டாங்களா?"

செய்வார்கள். செய்யாத வீடு எங்கள் லயத்தில் கிடையாது. முதல் இடிக்கே அப்பா ஆண்டெனா வயரைப் பிடுங்கி, அதன் முனையை ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள் விட்டு, போத்தலைச் சுவரோரம் வைப்பார். அக்காவிடம் போத்தல் இல்லை, கையுறை இருந்தது. இடி நின்றதும் பழையபடி மாட்டிவிடுவார். நான் மீட்டரோடு போய்ச் சேரும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கும். அந்தக் கேபிளோ நடுவில் ஒரு இடத்தில் விட்டுப்போனாலும் மொத்தமும் படுத்துவிடும் ஜாதி. சர்வர் பக்கம் கார்டு கத்திக் கத்திப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்ளும். மறுபடி கிளப்பும் வரை திறக்காது.

நான் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பா, அழுகையா என்று அக்காவுக்குப் புரியவில்லை. எனக்கும்தான். இத்தனை நாள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப்போன மாதிரி இருந்தது.

கழற்றாதீர்கள் என்று அக்காவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேறு வழி இருந்தது. இரண்டு கேபிளையும் சேர்க்கும் சின்ன உலோக இணைப்பு ஒன்று உண்டு. கேபிள்களை அதில் மாட்டியபடியே விட்டுவிட்டு, அந்த இணைப்பை மட்டும் கம்ப்யூட்டரிலிருந்து உருவினால் போதும். பெட்டியும் தனியாகிவிடும், பாதையும் அறாது. கேபிள்களை மறுபடி மாட்டி, இணைப்பை உருவிக் காட்டினேன். அக்கா அதற்கும் ஒரு கையுறை மாட்டினார். ஓடிவந்து சர்வரைக் கிளப்பினேன். ஆபீஸே அதிரும்படி அடுத்த இடி இறங்கியது. திரை அசையவில்லை. மழை அடங்கியதும் அக்கா மீதிக் கணக்கை ஏற்றினார், இன்வாய்ஸ் வந்தது, லோரி கிளம்பியது.

இனி மேனேஜரிடம் சொல்ல வேண்டும். அக்காவின் பெயரைச் சொல்லாமல் எப்படிச் சொல்வது என்று நான் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கும்போதே அக்கா உள்ளே வந்து, தானே மலாய் மொழியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பொட்டி கெடக்கூடாது என்றுதான் செய்தேன் என்றார். மேனேஜர் சிரித்ததை முதல்முறையாகப் பார்த்தேன். தன் அம்மா இடி நேரத்தில் டிவி வயரைக் கழற்றுவதோடு இடியை இழுக்கும் என்று முகம் பார்க்கும் கண்ணாடியையும் துணியால் மூடிவிடுவாராம். நாளைக்கும் கழற்று, ஆனால் இவர் காட்டியபடி கழற்று என்று அக்காவிடம் சொன்னார். என்னைப் பார்த்து, அடுத்த மாதத்திலிருந்து நீ நிரந்தரம் என்றார். அப்பாடா என்று நான் விட்ட மூச்சு ஆபீஸ் முழுக்கக் கேட்டிருக்கும்.

ரவாங் வீட்டுக்குக் குடிபோன முதல் நாளே மழை. சாமான்கள் பிரிக்காமல் கிடக்க, அப்பா ஒரு மூட்டைக்குள் கையை விட்டுப் போத்தலைத் தேடி எடுத்தார். லயத்திலிருந்து மறக்காமல் கொண்டுவந்திருந்தார். "மொதல்ல வயரு எங்கன்னு காட்டு" என்றார். டிவியே இன்னும் வந்து சேரவில்லை. அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அந்தத் தொழிற்சாலை இப்போது இல்லை. லயத்தை இடித்துவிட்டார்கள். லெட்சுமி அக்கா இல்லை, அப்பா அம்மாவும் இல்லை, போத்தல் எங்கே போனதோ. இடி மட்டும் அதே இடிதான். அந்த நாளில் முதல் இடிக்கு ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவர் எழுந்து போவார். நமக்காக ஒருவர் எழுந்து போயிருக்கிறார் என்று மற்றவர்கள் பயமில்லாமல் உட்கார்ந்திருப்போம். இப்போது எழுந்து போக வேண்டிய ஆள் நான்தான். கழற்றத்தான் ஒன்றுமில்லை.