முன்னால் பறக்கும் படுதா

எங்கள் நாயகி விடியும் முன்னே ஜீப் ஏறி மேற்கே மலைக்கு வேலைக்குப் போகிறவள். கேரளத்து ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறாள். ஒருநாள் மலைப்பாதை வளைவில் ஜீப்பிலிருந்து தெறித்து விழுந்தபோது, காற்று அவளைக் கீழே விடாமல் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து அவளுக்குப் பறக்க வரும். முதுகில் அவள் கட்டியிருப்பது பட்டு இல்லை, வெல்வெட் இல்லை. மழைக்குப் போர்த்திக்கொள்கிற நீலப் படுதாத் துண்டு. என் மாமியார் தோட்ட வேலைக்குப் போன காலத்தில் கக்கத்தில் சுருட்டிக்கொண்டு போவாரே, அந்த மாதிரி ஒன்று.

அவளுக்கு எங்கள் காமிக்ஸ் புத்தகத்தில் ஒரு பெயர் உண்டு. இங்கே சொல்ல மாட்டேன். சினிமாக் கம்பெனி போட்ட ஒப்பந்தத்தில் பெயரைப் பற்றி மட்டும் ஒரு பத்தி இருக்கிறது. அவர்களோடு மல்லுக்கு நிற்க எனக்குத் தெம்பு கிடையாது.

கதை எழுதுவது நான், வரைவது என் மனைவி. எனக்குத் தேனியில் உரக்கடை. அவள் ஃபிளக்ஸ் பேனர் டிசைன் செய்கிறவள். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று இந்தப் பக்கத்து ஆட்களின் முகம் முக்கால்வாசி அவள் கம்ப்யூட்டருக்குள் ஒருமுறை போய்த்தான் வெளியே வந்திருக்கும். பேனர் வேலை இல்லாத மதியங்களில் நாயகியை வரைவாள். முதல் புத்தகத்தை அவளுடைய ஊர் மாதா கோயில் திருவிழாவில், பொரிகடலைக் கடைக்கும் வளையல் கடைக்கும் நடுவே மேசை போட்டு விற்றோம். பங்குச் சாமியார் ஒன்று வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "றெக்கைக்குப் பதிலாப் படுதாவா? வானத்துல பறக்குற நம்ம சம்மனசுகளுக்கு இந்த யோசனை வரலையே" என்றார். அதைவிடப் பெரிய விமர்சனம் எங்களுக்கு அதற்குப் பிறகு வரவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் சென்னையிலிருந்து போன் வந்தது. எங்கள் காமிக்ஸை அனிமேஷன் படமாக எடுக்க வேண்டுமாம். பேசியது படத்தின் இயக்குநர், சின்ன வயதுப் பெண். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நான் கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் டீ சொன்னேன். என் மனைவி ஒப்பந்தத்தை நிதானமாகப் படித்தாள். நாயகி சாயங்காலம் மலையிலிருந்து வீட்டுக்குப் பறந்து வருகிற ஒரு காட்சியை முதலில் அவளே சோதனைக்குச் செய்து தர வேண்டும். அது தேறினால் படம் முழுக்க வரைகிற பொறுப்பு அவளுக்கு. தேறாவிட்டால் கதையும் நாயகியும் கம்பெனிக்குப் போகும், சென்னையில் வேறு ஆட்கள் வரைவார்கள்.

"அப்ப நல்லா வரலைன்னா, இவளை வேற யாரோ வரைவாகளா?" என்று கேட்டாள்.

"நல்லா வராம எங்க போகப்போகுது" என்றேன். எனக்கு அந்தப் பத்தி கண்ணிலேயே பட்டிருக்கவில்லை.

பேனர் கடைக்கு லீவு சொல்லிவிட்டு வேலையில் இறங்கினாள். அசையும் படம் என்பது எனக்கு அதுவரை டிவியில் பார்க்கிற சமாச்சாரம்தான். அவள் ஒரு கை தூக்கியதை வரைந்து, அதன்மேல் இன்னும் கொஞ்சம் தூக்கியதை வரைந்து, இப்படியே அடுக்கிக்கொண்டு போனாள். ஒருநாள் மதியம் சாப்பிட வந்தபோது கூப்பிட்டுக் காட்டினாள். இத்தனை வருஷமாக என் கதையில் காகிதத்தோடு ஒட்டிக் கிடந்தவள் கண்ணைச் சிமிட்டி, தலையைத் திருப்பி, என்னைப் பார்த்தாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சோற்றுக் கையோடு அப்படியே நின்றேன்.

காட்சியை அனுப்பி வைத்தோம். இயக்குநர் கூப்பிட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டோம்.

"அக்கா, ரொம்ப அழகா இருக்கு. ஒரே ஒரு சந்தேகம். அவங்க பறக்கும்போது முதுகுல கட்டின துணி ஏன் முன்னாடி போகுது? பின்னாடிதானே போகணும்?"

நான் சிரித்தேன். அப்புறம் படத்தைப் பார்த்தேன். உண்மைதான். நாயகி பறந்து வருகிறாள், படுதா அவளுக்கு முன்னால் பறக்கிறது, தலைக்கு மேலாக, அவளுக்கு வழி காட்டுவதுபோல. உடனே பழைய புத்தகங்களை எல்லாம் எடுத்துத் தரையில் பரப்பினேன். வேலைக்குப் போகும் பக்கங்களில் அவள் இடதுபக்கம் பார்த்துப் பறக்கிறாள், படுதா ஒழுங்காகப் பின்னால் இருக்கிறது. வீடு திரும்பும் பக்கங்களில் வலதுபக்கம் பார்த்துப் பறக்கிறாள், படுதா முன்னால் போகிறது. ஒரு பக்கம்கூட மாறவில்லை. கதை எழுதிய நானும் கவனிக்கவில்லை, படித்த ஒருத்தரும் கேட்கவில்லை.

காரணம் வேறொன்றுமில்லை. என் மனைவிக்குத் தாளின் இடதுபக்கம் என்றால் மேற்கு. ஆனி ஆடியில் இந்தப் பள்ளத்தாக்கில் காற்று மேற்கு மலையைத் தாண்டித்தான் இறங்கும். மேற்கே போகிறவளின் முந்தானை பின்னால் இழுக்கும், மேற்கே இருந்து வருகிறவளின் முந்தானை முன்னால் ஓடும். அந்த மாதங்களில் தெருவில் போகும் பெண்கள் ஒரு கையால் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டேதான் நடப்பார்கள். பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதில் தப்பு எங்கே தெரியும்?

ஆனால் இதைச் சென்னைக்குப் போனில் எப்படி விளங்க வைப்பது? எனக்குக் கோபம் மூக்கு நுனியில் வரும். அன்றைக்கும் வந்தது, பாவம், மனைவி மேல்.

"வெண்ணெய் திரண்டு வாரப்பத் தாழிய உடைச்சிறாத. அவுக சொல்ற மாதிரி பின்னால திருப்பிப் போட்டுவிடு" என்றேன்.

அவள் திருப்பிப் போட்டாள். திருத்தின காட்சி சுத்தமாக இருந்தது. படுதா வழவழவென்று பின்னால் நெளிந்தது. எந்த ஊர் வானத்தில் வேண்டுமானாலும் அவள் பறக்கலாம் போல இருந்தது.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் என் மனைவி. "ஆனா இவ வீட்டுக்குப் போகலைங்க. எங்கிட்டோ போறா."

அவள் கண் கலங்கியிருந்தது. நான் கடைக்குப் போய்விட்டேன். ஆனால் சாயங்காலம் வரைக்கும் அந்தச் சொல் என்னை விடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மச்சினன் ஜீப்போடு வந்தான். என் மனைவியின் தம்பி. மலைக்கு ஆள் ஏற்றுகிற ஜீப் ஓட்டுகிறான். அக்கா சொல்லித்தான் வந்திருக்கிறான் என்று பிறகு தெரிந்தது. ஜீப்பின் மேல்மூடியைக் கழற்றியிருந்தான்.

"அந்த மேடம் என்ன சொன்னாக? துணி முன்னால போகாதுன்னா? வாங்க மாமா, போட்டோ பிடிச்சே அனுப்பிருவோம். அம்மியே பறக்குற மாசத்துல எங்கக்கா பறக்க மாட்டாளா?"

மேற்கே போடிக்குப் போய்த் தேனியைப் பார்த்து வண்டியைத் திருப்பினோம். அவள் ஜீப்பின் பின்பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதுகில் என் மாமியாரின் நீலப் படுதா. நான் முன்சீட்டில் திரும்பி மண்டிபோட்டு, செல்போனில் படம் பிடித்தேன். வண்டி மெதுவாக நகர்ந்ததும் படுதா படாரென்று எழும்பி, அவள் தலையைத் தாண்டி என் முகத்தில் அறைந்தது. மச்சினன் முகத்தையும் மூடியது.

"மாமா, ரோடு தெரியல. பிடிங்க அதை" என்று கத்தினான்.

போடிப் பக்கம் பாதையோரம் எங்கும் இலவம்பஞ்சுக் கொட்டகைகள். காற்றில் பஞ்சு சிதறிக்கொண்டே இருக்கும். புழுதி, சருகு, பஞ்சு எல்லாம் எங்களை முந்திக்கொண்டு ஓடின. காதில் காற்றின் இரைச்சல் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் வேகமாப் போடா" என்றாள்.

அவன் மிதித்தான். வேகம் ஏற ஏறப் படுதா தணிந்தது. முன்னால் விரிந்து கிடந்தது கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, இறங்கி, அவள் தோளில் வந்து அமர்ந்தது. இரைச்சல் குறைந்துகொண்டே வந்து நின்றுபோனது. லேசான இறக்கம் வந்தது, மச்சினன் நியூட்ரலில் போட்டான், என்ஜின் சத்தமும் அடங்கியது. அப்போது நான் பார்த்ததை எப்படிச் சொல்வது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. ஜீப் ஓடிக்கொண்டிருக்கிறது. புளியமரங்கள் பின்னால் போய்க்கொண்டிருக்கின்றன. ஆனால் எங்களுக்குக் காற்றே இல்லை. அவள் தலைமுடி ஒன்றுகூட ஆடவில்லை. அவள் கைக்கெட்டும் தூரத்தில், ஜீப்புக்கு வெளியே, ஒரு பஞ்சு நின்றுகொண்டிருந்தது. வண்டியும் காற்றும் ஒரே வேகம். காற்று எங்களைத் தள்ளவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை. நாங்கள் காற்றாகவே போய்க்கொண்டிருந்தோம்.

அவள் கையை நீட்டினாள். பஞ்சு விரலில் வந்து ஒட்டிக்கொண்டது. நான் கடவுள் நம்பிக்கையில் அரைகுறைதான், மனைவிக்காகப் பூசைக்குப் போகிறவன். அன்றைக்கு என் கை தானாகச் சிலுவை போட்டுக்கொண்டது.

வேகம் குறைந்ததும் காற்று திரும்ப வந்துவிட்டது. படுதா மறுபடியும் என் முகத்தில் விழுந்தது. மச்சினன் வண்டியை ஓரம் கட்டினான்.

"இந்த ரோட்டுல எத்தனை வருஷமா ஓட்டுறேன்" என்று மெதுவாகச் சொன்னான். "சத்தம் குறையும், தெரியும். காத்து இப்படி நின்னு பாத்ததில்லக்கா."

"இத்தனை நாளும் நான் பாதிதான் வரைஞ்சிருக்கேன்" என்றாள் என் மனைவி.

அவள் சொன்னது எனக்கு வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் புரிந்தது. காமிக்ஸில் படுதா முன்னால் போவதை வரையலாம், தோளில் கிடப்பதையும் வரையலாம். ஒன்று மற்றொன்றாகத் தணிவதை வரைய முடியாது. அதற்குப் படம் அசைய வேண்டும். எங்கள் நாயகி சினிமாவுக்குப் போனால் என்ன கிடைக்கும் என்று நான் கணக்குப் போட்டதெல்லாம் வேறு. இது அந்தக் கணக்கிலேயே இல்லை.

திருத்தின காட்சியையும் அனுப்பவில்லை, பிடித்த போட்டோவையும் அனுப்பவில்லை. மறுபடி முதலிலிருந்து வரைந்தாள். எனக்கு ஒரு வேடிக்கை விளங்கியது. ஓடுகிறதை வரைவது லேசு. அசையாமல் இருப்பதை வரைவதுதான் பெரும்பாடு. நாயகியின் படுதாவை அசையாமல் வைத்தால் படமே நின்றுவிட்டது போல் தெரிந்தது. கீழே திராட்சைப் பந்தல்களை ஓட விட்டாள், போதவில்லை. பந்தல்மேல் நாயகியின் நிழலை ஓட விட்டாள், கொஞ்சம் உயிர் வந்தது. கடைசியில் பக்கத்தில் ஒரே ஒரு பஞ்சை நிறுத்தினாள். அவ்வளவுதான், அவள் பறந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் வர மறந்துவிட்டது.

இந்தத் தடவை இயக்குநர் நேரிலேயே வந்தார். தேறுமா தேறாதா என்று அன்றைக்கே சொல்லிவிடுவதாகச் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். என் மனைவி சமையலறை வாசலில் நின்றாள். காட்சி ஓடியது. படுதா முன்னால் பறந்தது, இரைச்சல் கேட்டது, படுதா தணிந்தது. இயக்குநர் கையை நீட்டி ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்தார்.

"சவுண்டு போயிடுச்சு போல, சார்."

"போகலை. அங்கன சத்தம் இருக்காது" என்றேன்.

அவர் மறுபடி ஓட விட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "இங்க துணி ஏன் இறங்குது? ஸ்பீடு கூடும்போது இன்னும் பறக்கணுமே?" என்றார். நான் வாயைத் திறந்தேன். என் மனைவி கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்தாள்.

"வாங்கம்மா, ஒரு எட்டு போயிட்டு வந்துருவோம்."

அவளுடையது பேட்டரி ஸ்கூட்டர், சத்தமே வராது. இருவரும் போடி ரோட்டில் போனார்கள். நான் ஊர் எல்லையில் டீக்கடை வாசலில் போய் நின்றுகொண்டேன். டீ ஆறிப்போனது. காற்று கடைக்காரரின் தட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தது. இந்தக் காற்று இன்றைக்கு மட்டும் நின்றுவிடக் கூடாது என்று, காற்று நின்று மழை வந்தால்தான் வியாபாரம் பார்க்கிற உரக்கடைக்காரன் வாயால், மாதாவிடம் கெஞ்சினேன்.

தூரத்தில் வண்டி தெரிந்தது. இயக்குநர் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவருடைய மஞ்சள் துப்பட்டா மடியில் மடித்துவைத்தது போலக் கிடந்தது. அந்தக் காற்றில். அவர் ஒரு கையை வெளியே நீட்டி, விரலை விரித்து, எதையோ தொட்டுப் பார்ப்பவர் போல வந்துகொண்டிருந்தார்.

வண்டி என் பக்கத்தில் வந்து நின்றதும் துப்பட்டா எழும்பி என் மனைவியின் முகத்தை மூடியது. இயக்குநர் இறங்கவில்லை.

"அக்கா" என்றார். "இன்னொரு தடவை போகலாமா?"

திரும்பவும் போய் வந்தார்கள். வீட்டில் உட்கார்ந்து காட்சியை மூன்றாம் தரம் பார்த்தார். இந்தத் தடவை ஸ்பீக்கரைத் தட்டவில்லை. முடிந்ததும் என் மனைவியைப் பார்த்துச் சொன்னார்:

"இதை நான் அங்க யார்கிட்ட சொல்லி வரைய வைப்பேன்? நீங்கதான் வரையணும்."

"இந்த இடம் மட்டுமாம்மா?"

"எல்லாமே அக்கா. முழுப் படமும்."

சாயங்காலம் மதுரை பஸ்ஸில் அவரை ஏற்றிவிட்டோம். பஸ் கிளம்பிப் போன பிறகும் என் மனைவி அங்கேயே நின்றாள். சுற்றிலும் பெண்கள் சேலையைப் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். இருபது வருஷமாக அவளோடு தெருவில் நடக்கிறேன், ஆடி மாசத்தில் இடுப்பில் செருகாத முந்தானையோடு அவளை நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அவள் செருகவில்லை. முந்தானை அவளுக்கு முன்னால் முழு நீளத்துக்கும் பறந்தது.

"போலாமா?" என்றேன்.

"போலாம்" என்று அது போன திசையில் நடந்தாள். எங்கள் வீடும் அந்தப் பக்கம்தான்.