ஓடைக்கரையில் மூன்று வரிசை

காலை மஸ்டரில் பேர் கொடுக்க எல்லோரும் கூடியிருந்தபோது, தொழிலாளர் லயத்தில் குடியிருந்த ஓர் அம்மாள் துரையின் மேசைமேல் ஒரு குடத்தை வைத்தார். வாயைக் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். உள்ளே இருந்தது செம்மண் கரைசல்.

நீலகிரியில் எமரால்டுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் நான் அப்போது ஃபீல்டு ஆபீசர். தொழிலாளர்கள் துரை என்றழைத்த மேனேஜர் ஈரோட்டுப் பக்கத்துக்காரர், பட்டாளத்தில் இருந்து வந்தவர், அளந்து பேசுவார். தேயிலைச் சரிவின் அடியில் ஓர் ஓடை. அதன் இருகரையிலும் காட்டு நாவலும் ஆளுயரப் பெரணியும் நாணலும் மண்டிக் கிடந்தன. அந்த இடம் வீணாகக் கிடக்கிறது, வெட்டிவிட்டு மூன்று வரிசை தேயிலை வைக்கலாம் என்று சில மாதம் முன்பு துரை சொன்னார். கரையை அந்த வேர்கள்தான் பிடித்திருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். முன்பு வேலை பார்த்த தோட்டத்தில் வெட்டவெளியான கரை சரிந்ததை நேரில் பார்த்தவன். ஆனால் என் வேலை நிரந்தரமாக வேண்டிய மாதம் அது. ஆள் வைத்து வெட்டினேன். நாற்றும் நட்டேன்.

ஐப்பசி மழையில் கரை துண்டுதுண்டாக விழுந்தது. சரிவில் போட்ட உரமும் அடித்த மருந்தும் தடுக்க எதுவும் இல்லாமல் ஓடையில் இறங்கின. லயத்துக்குத் தண்ணீர் அந்த ஓடையிலிருந்துதான் போனது.

“பத்து நாளா பீலியில இதுதான் விழுது ஐயா. பிள்ளைங்களுக்கு வயித்தால போகுது,” என்றார் அந்த அம்மாள். இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். குழாயடியைப் பீலி என்றுதான் சொல்வார்கள்.

டிஸ்பென்சரிக்கு ஆளனுப்பிய துரை, கரைக்குக் கல் கட்டினால் சரியாகுமா என்று அவரிடமே கேட்டார்.

“கல்லு வேணாம் ஐயா. அங்க முளைக்கிறத வெட்டாம விடுங்க. அது போதும்.”

துரை என் பக்கம் திரும்பினார்.

“இது உங்களுக்குத் தெரியுமாங்க?”

“தெரியுமுங்க சார்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க.”

அவர் குரலில் கோபம் இல்லை. அன்று மத்தியானமே ஓடைக்கு இறங்கி, முதல் செடியைத் தன் கையால் பிடுங்கினார். மூன்று வரிசையும் போயிற்று. தலைமை அலுவலகம் விளக்கம் கேட்டபோது, வெட்டச் சொன்னதும் பிடுங்கச் சொன்னதும் தானே என்று எழுதினார். என் பெயர் அதில் இல்லை. மறு வருடம் அவரைக் கூடலூர் பக்கம் ஒரு சிறிய தோட்டத்துக்கு மாற்றினார்கள். என் வேலை நிரந்தரமாகியிருந்தது. சில மாதங்களில் அதே தோட்டத்து ஃபேக்டரி வேலைக்குப் போனேன். என் குவார்ட்டர்ஸுக்கு வேறொரு ஊற்றிலிருந்து குழாயில் தண்ணீர் வந்தது. ஓடைப்பக்கம் போகும் தேவையே எனக்கு ஏற்படவில்லை.

ஏழெட்டு வருடம் கழித்துக் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். ஓய்வு பெற்றிருந்தார். என்னை நலம் விசாரிப்பதற்கு முன்பே, “அந்த ஓடைத் தண்ணி தெளிஞ்சுதுங்களா?” என்றார்.

“தெளிஞ்சிருச்சுங்க சார்,” என்றேன்.

தலையசைத்துவிட்டு பஸ் ஏறினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மழையோடு ஓடைக்கு இறங்கினேன். பெரிய மரங்கள் திரும்பியிருக்கவில்லை. பெரணியும் நாணலும் கரையை மூடியிருந்தன. நடுவில் இடுப்பளவு நாவல் கன்றுகள், யாரும் வைக்காமல் முளைத்தவை. தேயிலைச் சரிவிலிருந்து பழுப்பாக ஓடிவந்த மழைநீர் அந்தப் புதருக்குள் நுழைந்து வேகம் தணிந்தது, தன் மண்ணை அங்கேயே விட்டுவிட்டுக் கசிந்து இறங்கியது. ஓடையின் அடியில் கூழாங்கற்கள் தெரிந்தன. நிழல் விழுந்த இடத்தில் தவளை முட்டைகள் ஒட்டியிருந்தன.

இப்போதும் அந்தப் பக்கம் போனால் இறங்கிப் பார்க்கிறேன். அவரிடம் நான் சொன்ன பதில் பொய்யாகிவிடவில்லை. அது தெரிந்து சொன்ன பதில் இல்லை என்பது மட்டும் அப்படியே இருக்கிறது.