அத்தைக்கு வயிறு வலித்தது

கோமதி அத்தை இறந்த செய்தி எனக்கு வேதியியல் வகுப்பில் வந்தது. பியூன் வாசலில் நின்று, "பையை எடுத்துக்கிட்டு வா தாயி. ஒங்க அத்தை தவறிட்டாவ" என்றார். அதே பள்ளியில் புவியியல் நடத்தியவர்கள் அத்தை. வராந்தாவில் டீச்சர்கள், "பாவம், மூளை நோய் கொண்டு போயிட்டு" என்று பேசிக்கொண்டார்கள்.

அது உண்மையில்லை. அத்தையை அறிந்தவர்களும் அறியாதவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று, வீடு தூங்கிய பிறகு இதை எழுதுகிறேன். அப்பா பார்த்தால் அடிப்பார்கள்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. திருமணம் செய்துகொள்ளாமல் டவுணில் எங்களோடு இருந்தார்கள். ஒருமுறை வகுப்பில், "வடக்கு எங்கன இருக்கு?" என்று கேட்க, சுவர்ப்படத்தையே பார்த்துப் பழகிய ஒருத்தி மேலே கையைக் காட்டினாள். "வடக்கு மானத்துலயா இருக்கு? அப்ப காசிக்கு ஏணி வச்சுத்தான் போவணும்" என்றார்கள். அந்தப் பெண்தான் அதிகம் சிரித்தாள்.

போன வருடம் மறதி தொடங்கியது. பஸ்ஸில் தவறான நிறுத்தத்தில் இறங்கி, வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டு நின்றார்கள். அப்பா மதுரைக்கு அழைத்துப் போனார்கள். அங்கே தலையை ஸ்கேன் எடுத்தார்கள். அந்தப் படத்தை ஒரு கம்ப்யூட்டர் தானாகவே பகுதி பகுதியாக அளந்து, அதே வயதுக்காரர்களின் மூளையோடு ஒப்பிட்டது. ஞாபகத்துக்கான பகுதி சுருங்கத் தொடங்கியிருக்கிறது என்று வந்தது.

"வாழ்நாள் பூரா பிள்ளைகள மேப் வரையச் சொன்னேன். இப்ப என் தலையவே ஒரு மெஷின் வரைஞ்சிருக்கு" என்றார்கள் அத்தை. இளம் டாக்டர் சிரித்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்: "இது ஆரம்பம்தான். மறதி வரும். ஆனா அவங்க தெளிவாத்தான் பேசுறாங்க. படத்தை மட்டும் பாக்காதீங்க, அவங்களையும் பாருங்க."

மெஷின் பொய் சொல்லவில்லை. அது சொல்லாததையும் எங்கள் வீட்டில் சேர்த்துக் கேட்டுக்கொண்டார்கள்.

சொந்தக்காரர்கள் அல்வாப் பொட்டலத்தோடு வந்து பரீட்சை வைத்தார்கள். "மதினி, நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்!"

"ஏன், ஒனக்கே தெரியலையா?" என்றார்கள் அத்தை. வந்தவர்கள் சிரித்தார்கள். வாசலுக்குப் போனதும், "நோய் முத்திட்டு" என்றார்கள்.

ஒருநாள் குழம்பில் உப்பு அதிகம் என்றார்கள் அத்தை. "மதினிக்கு நாக்கும் மறந்துட்டு" என்றாள் அம்மா. அன்று எல்லோருமே சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தோம்.

பிறகு அந்த வலி வந்தது.

"ஏலே சங்கரா, வலது பக்கம் அடிவயித்துல குத்துது. டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போ."

"யக்கா, காலையில சாப்பிட்டதே ஒனக்கு ஞாபகம் இல்ல. வயித்துவலி மட்டும் எப்படி ஞாபகம் இருக்கு?" என்றார்கள் அப்பா.

"வலிய ஞாபகம் வேற வச்சிக்கிடணுமாலே? அது இப்பம்லா வலிக்கு!"

மறுநாளும் சொன்னார்கள். குனிந்தபடியே நடந்தார்கள். நான், "அப்பா, அத்தை நெசமாத்தான் சொல்லுதாவ" என்றேன்.

"இவளையும் மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி படம் எடுக்கணும் போல" என்றாள் அம்மா. அப்பா சிரித்தார்கள். எனக்குப் பயம் வந்துவிட்டது. ஒருமுறை அப்படி முடிவு கட்டிவிட்டால் அந்த வீட்டில் நம் வாய்க்கு மதிப்பில்லை என்பதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

மயங்கி விழுந்த பிறகே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நானும் ஆட்டோவில் போனேன். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டுக் கோபப்பட்டார். "குடல்வால் வெடிச்சு சீழ் பரவியிருக்கு. துடிச்சிருப்பாங்களே! சொல்லவே இல்லையா?"

"மூளையில நோய் சார். அவளுக்குச் சொல்லத் தெரியாது" என்றார்கள் அப்பா.

ஸ்ட்ரெச்சரில் கிடந்த அத்தை கண்ணைத் திறக்காமல், "சொன்னேன்லா" என்றார்கள்.

"பாத்தீங்களா சார், இப்படித்தான். எதையாவது சொல்லிக்கிட்டே இருப்பா."

அதற்குப் பிறகு அத்தை பேசவில்லை.

இன்று காலை குறுக்குத்துறையில் அஸ்தி கரைத்தார்கள். நான் மேல்படியில் நின்றேன். ஆற்றில் தண்ணீர் குறைவு. சாம்பல் நகராமல் படியோரம் தேங்கியது. அப்பா குனிந்து, இரண்டு கையாலும் அதைத் தள்ளித் தள்ளிவிட்டு அழுதார்கள். எனக்கு அவர்கள்மேல் இரக்கம் வரவில்லை.

போய் வாருங்கள், அத்தை. உங்களுக்கு மறதி இருந்தது. வயிறும் வலித்தது. இரண்டும் உண்மை.