காதில் சொன்ன திட்டம்

மடுல்சீமைப் பக்கத்துக் கரடிமலைத் தோட்டத்தில் போய் மாரிசாமி வீடு எது என்று கேட்டால், எந்த மாரிசாமி என்று திருப்பிக் கேட்பார்கள். படக்கதை மாரிசாமி என்று சொன்னால்தான் கை காட்டுவார்கள். கான் வெட்டுவது அவன் வேலை. மழைத் தண்ணீர் தேயிலை மலையின் மண்ணை வாரிக்கொண்டு போகாமல் இருக்கக் குறுக்கே வெட்டிவிடுகிற வாய்க்கால்தான் கான். வேலையில் அவன் கெட்டிக்காரனும் இல்லை, சோம்பேறியும் இல்லை. அவனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது மண்வெட்டி அல்ல, வாய்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிடைத்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டு பசறை வழியாகப் பதுளைக்குப் போய் ஒரு படம் பார்ப்பான். மறுநாள் பகல் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் படம் மலையில் ஓடும். கொழுந்து பறிக்கிற பெண்கள் ரொட்டியைப் பிய்த்த கை பிய்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். நாட்டுக்குச் சுதந்திரம் வந்த கையோடு, வந்தேறிகள் என்று இந்தத் தோட்டத்துச் சனங்களுக்கு வோட்டு இல்லாமல் போயிற்று. அந்த வருடம்தான் மாரிசாமியின் பெண்சாதியும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். படப் பைத்தியம் அதற்குப் பிறகு பிடித்தது. பிடிக்காமல் என்ன செய்யும், மனிதன் எங்கேயாவது கொஞ்ச நேரம் போயிருக்க வேண்டாமா?

அவன் கதையைக் கேட்டுக் கேட்டு அங்கே எல்லாருக்கும் ஒரு விசயம் பழகிப்போயிருந்தது. இளவரசன் சிறையிலிருந்து தப்ப வேண்டும். தோழனைக் கூப்பிட்டு, பூக்காரி வேசம் போட்டு மேற்கு வாசலால் வருவேன், நீ குதிரையோடு மரத்தடியில் நில் என்று விலாவாரியாகச் சொல்லிவிட்டான் என்றால் பெண்கள் உச்சுக் கொட்டத் தொடங்கிவிடுவார்கள். "போச்சு, மாட்டிக்கிட்டான்!" என்பார்கள். அதே இளவரசன், "காதக் குடு" என்று தோழனைப் பக்கத்தில் இழுத்து, உதடு மட்டும் அசைய, பின்னணியில் மேளம் கொட்டிற்று என்றால் எல்லாருக்கும் மூச்சு வரும். இனிப் பயமில்லை.

"அது ஏண்ணே அப்படி?" என்று ஒருநாள் இராக்கம்மா கேட்டாள். அவள் மாரிசாமிக்கு அடுத்த காம்பராக்காரி. லயம் என்கிற நீள வரிசை வீட்டில் சுவருக்குச் சுவர் ஒட்டிய ஒற்றை அறைக்குத்தான் காம்பரா என்று பேர்.

"இது வெளங்கலியா? வாயால ஒருவாட்டி சொல்லிப்புட்டு, அதையே அப்படியே நடத்தியும் காட்டினா எவன் குந்திப் பாப்பான்? சொல்லிட்டா, சொன்னபடி நடக்கக் கூடாது. சொல்லாம விட்டா, நடந்தே ஆவணும். அதுதான் கதை பண்றவன் தொழிலு."

"நெசத்துலயும் அப்படித்தானாப்பா?" என்று அவன் மகள் ஜெயலெட்சுமி கேட்டாள்.

"நெசத்துல மட்டும் வேற என்ன? அங்கயும் அப்படித்தான் புள்ள" என்று சிரித்தான்.

கதை பண்ணுகிறவன் தொழிலையும் ஆண்டவன் தொழிலையும் ஒன்றாக்கி அவன் பேசியது அந்த ஒரு தடவைதான். விளையாட்டுப் பேச்சு. மகள் கேட்டாள், அப்பன் சொன்னான், எல்லாரும் எழுந்து கூடையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஜெயலெட்சுமிக்குப் பிள்ளைக் காம்பராவில் வேலை. கொழுந்துக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. ஓடைக்கு அந்தப் பக்கம், நாற்று மேட்டின் பக்கத்தில் தனியாக இருந்தது. தாய்மார் வருமுன்னே அடுப்பை மூட்டிப் பால் காய்ச்ச வேண்டும் என்பதால் விடிகிறதற்கு முன்பே கிளம்பிவிடுவாள். நல்ல பெண். ஆனால் வாயில் ஒன்றும் தங்காது. பெரிய கங்காணியின் மருமகள் பிள்ளையை விட வந்து இரண்டு வார்த்தை கேட்டால் இவள் இருபது வார்த்தை சொல்லுவாள்.

ஐம்பத்தேழாம் வருடத்து மார்கழி. மழை விடவே இல்லை. மாரிசாமியின் காம்பரா இருந்த பள்ளத்து லயத்துக்கு நேர் மேலே மலை செங்குத்தாக நின்றது. தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் கட்டிய பழைய லயம். ஒருநாள் அந்த மலையில் கான் வழிக்கப் போனவர்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்தபடி நின்றார்கள். கானில் நிறைந்து ஓடி வந்த தண்ணீர் பாதி வழியில் காணாமல் போயிற்று. கரை உடையவில்லை, வழியவில்லை. மண்ணுக்குள்ளே போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் தேயிலைச் செடிகள் வரிசையோடு கீழ்ப்பக்கம் சாய்ந்திருந்தன. அன்று பொழுது சாய்ந்தபோது பள்ளத்து லயத்துப் பீலியில், மலை ஊற்றிலிருந்து வந்து விழுகிற அந்தக் குழாயில், தண்ணீர் செக்கச் சிவப்பாக வந்தது. ஒருவரும் குடிக்கவில்லை.

மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பிரித்துவிட எல்லாரும் வரிசையில் நிற்கிறபோது, மாரிசாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு துரையின் முன்னால் போய் நின்றான். முழுசாகச் சொன்னான்.

"மலை வாய் பொளந்திருக்குங்க தொரைங்களே. மழை நிக்கிற வரைக்கும் பள்ளத்து லயத்துச் சனங்க எல்லாம் ராவைக்கு ஸ்டோரு மாடியில படுத்துக்கிறோமுங்க. பின்பக்கத்துக் கதவால ஏறிக்கிறோம். ஒரு நாளும் வேலைக்கு வராம நிக்க மாட்டோமுங்க."

ஸ்டோர் என்றால் தேயிலை ஆலை. அதன் மாடியில் கொழுந்தை வாட்டப் போடுவார்கள். மேட்டில், பாறை மேல் நின்ற கட்டிடம்.

துரை குடையின் கீழ் நின்று பொறுமையாகத்தான் கேட்டார். "லயம் கல்லு. ஒண்ணும் ஆகாது. வேலைக்குப் போ" என்றார். அன்று மாலையே ஸ்டோரின் பின்கதவில் புதுப் பூட்டுத் தொங்கியது. லயத்தை விட்டுப் போகிறவனுக்குப் பேர் வெட்டு என்று கங்காணி ஒவ்வொரு வாசலாகச் சொல்லிக்கொண்டு போனார். பேர் வெட்டினால் வேலை மட்டுமா போகும்? காம்பராவும் போகும். இந்தத் தேசத்தில் நிற்க வேறு ஒரு சாண் மண் அவர்களுக்குக் கிடையாது.

"சொல்லித் தொலச்சேனே" என்று மாரிசாமி தலையில் அடித்துக்கொண்டான். "கதவு பின்பக்கம்னு வேற சொன்னேன். இத்தன படம் பாத்தும் எனக்குப் புத்தி வரல பாரு!"

அன்றிலிருந்து அவன் காதுகளைத் தேடிப் போனான்.

முதலில் ஸ்டோர் காவல்காரன் நிஸாம். புதுப் பூட்டின் சாவி அவனிடம்தான் இருந்தது. அவனும் பிள்ளைகுட்டிக்காரன், சரி என்று தலையை ஆட்டினான். அடுத்தது தப்படிக்கிற சின்னராசா. மேல் லயத்தில் இருந்தான். தினம் விடியற்காலையில் அவன் தப்புச் சத்தத்தில்தான் தோட்டம் எழும்பும். பெரட்டுக்கு ஒரு அடி, சாவுக்கு வேறு அடி. கைக்குழந்தைக்குக்கூட இரண்டும் வித்தியாசம் தெரியும். சாவுத் தப்புக் கேட்டால் சனங்கள் கூட்டமாக வெளியே வருவார்கள். எங்கே போகிறாய் என்று எந்தக் கங்காணியும் கேட்க மாட்டான். துரையும் கேட்க மாட்டார். மாரிசாமி பிடித்துக்கொண்டது அந்த வழக்கத்தைத்தான். எத்தனை வெயில் காய்ந்தாலும் நிற்காத பீலி இந்த மழையில் என்றைக்கு நின்றுபோகிறதோ, அன்றைக்கு மலை தண்ணீரையெல்லாம் உள்ளே குடித்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்குச் சாவுத் தப்பு.

பிறகு காம்பரா காம்பராவாகப் போய், பெரியவர்கள் காதில் மட்டும் சொன்னான். "சாவுத் தப்பு கேட்டா புள்ளகுட்டியத் தூக்கிக்கிட்டு ஸ்டோருக்கு நடங்க. எவரு என்னா கேட்டாலும் வாயத் தொறக்காதீங்க. கேதத்துக்குப் போறாப்புல தலையத் தொங்கப் போட்டுக்கிட்டே போங்க."

மகளிடம் சொல்லவில்லை. அவளிடம் சொன்னால் கங்காணி வீட்டுக்குச் சொன்ன மாதிரி. அதோடு, தப்பு ராவில் கேட்டால் அவள் அவனோடேயே இருப்பாள், விடிந்து கேட்டால் ஓடைக்கு அந்தப் பக்கம் பத்திரமாக இருப்பாள். அவளுக்கு எதற்கு?

"எல்லாரு காதுலயும் என்னமோ ஓதுறீங்க. எங்கிட்ட மட்டும் சொல்ல மாட்டேங்கிறீங்களே?" என்று அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"படத்தப் பாரு, தெரியும்" என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவின் படங்களில் காதில் சொன்ன காரியம் எதுவும் தோற்றதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

அந்த மழையில் நனைந்து அலைந்து மாரிசாமிக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. இருமினால் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். ஒரு விடியற்காலை ஜெயலெட்சுமி கிளம்புமுன் அவன் கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள்.

"கொதிக்குதுப்பா. இன்னைக்குப் பெரட்டுக்குப் போவாதீங்க. படுத்துக் கெடங்க. நா வந்து கஞ்சி வச்சுத் தாறேன்."

"சரி புள்ள. எங்கயும் போவல."

"சத்தியமா?"

"சத்தியமாத்தான். போயிட்டு வா."

அவள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினாள். அவள் காலடி அடங்கியதும் அவன் எழுந்தான். வேலைக்கு வராதவனைத் தேடிக் கங்காணியின் ஆள் எட்டிப் பார்ப்பானே என்று, ஆள் படுத்திருக்கிற மாதிரி கம்பளியைச் சுருட்டி நீளமாக வைத்து, மேலே இன்னொரு கம்பளியைப் போர்த்தினான். அதுவும் ஒரு படத்தில் பார்த்ததுதான். பிறகு தினம் போலப் பீலியைப் பார்க்கப் போனான்.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. பீலியில் ஒரு சொட்டு இல்லை.

கையை உள்ளே விட்டுப் பார்த்தான். வெறும் சேறு. காய்ச்சலோடு மேல் லயத்துக்கு ஓடினான். கொஞ்ச நேரத்தில் அந்த இருட்டு மழைக்குள்ளே சாவுத் தப்பு கேட்டது.

எல்லாம் அச்சுப் பிசகாமல் நடந்தது. கதவுகள் திறந்தன. ஒருவரும் கத்தவில்லை, யார் செத்தது என்று கேட்கவில்லை. குழந்தைகளைக் கம்பளிக்குள் சுற்றிக்கொண்டு, கிழடுகளைத் தாங்கிக்கொண்டு, தலையைத் தொங்கப் போட்டபடி வண்டிப் பாதையில் ஏறினார்கள். கங்காணி தன் வாசலில் நின்று, "யாரு?" என்றார். பதில் இல்லை. அவர் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். மேட்டில் நிஸாம் பின்கதவைத் திறந்து வைத்திருந்தான்.

மாடியில் மாரிசாமி ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். இராக்கம்மா வீட்டைத் தவிர எல்லாரும் வந்திருந்தார்கள். யாரோ அவன் தோளைத் தட்டினார்கள். அவனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு படத்துக்குள்ளே நிற்கிற மாதிரி இருந்தது. அதை இன்று நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. அந்தப் பாவிக்குக் கிடைத்த சந்தோசம் அவ்வளவுதான்.

கடைசியாக இராக்கம்மா மாமியாரை முதுகில் சுமந்துகொண்டு ஏறி வந்தாள். கிழவியை இறக்கிவிட்டு, மூச்சு வாங்க, பெருமையோடு சொன்னாள்.

"நா வாயே தொறக்கலண்ணே. ஒங்க மக கேட்டுச்சு, அப்பக்கூடத் தொறக்கல."

"எங்க? எங்க கேட்டுச்சு?"

"பள்ளத்துக்கு எறங்குற குறுக்குப் பாதையில. 'யாரு செத்தது அக்கா?'ன்னு கேட்டுச்சு. கங்காணி வூட்டு ஆளுங்க பக்கத்துல நின்னாங்க. நீங்க சொன்னாப்புலயே தலையத் தொங்கப் போட்டுக்கிட்டேன். அது என் மூஞ்சியவே பாத்துச்சு. அப்புறம் 'அப்பா'ன்னு கத்திக்கிட்டு ஓடிருச்சு."

சொல்லி முடிக்கும்போதே அவளுக்கும் விளங்கிவிட்டது. கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

மாரிசாமி படிகளில் விழுந்து எழுந்து ஓடினான். நிஸாமும் இன்னும் இருவரும் பின்னால் ஓடினார்கள். வண்டிப் பாதையின் வளைவில், லயத்துக் கூரை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், காலுக்குக் கீழே தரை முனகியது. தேயிலைச் செடிகள் நின்றபடியே நகர்ந்தன. வரிசை கலையாமல், மெதுவாக, பெரட்டுக்குப் போகிற ஆள்களைப் போலக் கீழே இறங்கின. அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது. சத்தம் அடங்கியபோது பள்ளத்து லயம் இருந்த இடத்தில் லயம் இல்லை. நிஸாம் அவனை இடுப்போடு கட்டிப் பிடித்துக்கொண்டான். அவன் நிஸாமின் கையைக் கடித்தான். நிஸாம் விடவில்லை.

மழை விட்ட பிறகு தோண்டினார்கள். அவள் அவர்களுடைய காம்பராவுக்குள்ளேதான் இருந்தாள். மேலே போர்த்தியிருந்த கம்பளியின் ஒரு முனை அவள் கைக்குள் இருந்தது.

துரை ஒருவர் பேரையும் வெட்டவில்லை. புது லயத்தைப் பாறைப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். கதையோ லுணுகலைக் கடைத்தெரு வரைக்கும் போயிற்று. சாவுத் தப்படித்து ஒரு லயத்துச் சனத்தையே காப்பாற்றினானாம், என்ன மூளை, என்ன திட்டம் என்று டீக்கடையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அங்கே அந்தக் கதையில் ஜெயலெட்சுமி வருவதில்லை. வந்தால் ருசி கெட்டுவிடும் அல்லவா?

நாலைந்து வருடம் மாரிசாமி பதுளைப் பக்கம் போகவில்லை. இராக்கம்மா அவனோடு பேசுவதை விட்டுவிட்டாள். அவனும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. அவன் சொன்னதைத்தானே அவள் செய்தாள். பிறகு ஒரு வருடம், நிஸாம்தான் விடாமல் இழுத்துக்கொண்டு போய் ஒரு படம் காட்டினான். மறுநாள் பகல், மலையில் பெண்கள் சும்மா விடவில்லை. சொல்லுங்கண்ணே, சொல்லுங்க என்று சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

சொன்னான். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது, மற்றபடி பழைய மாரிசாமிதான். கள்ளர் குகையில் மாட்டிய இளவரசியை மீட்க வேண்டும். நாயகன் தோழனைப் பக்கத்தில் இழுத்தான். "காதக் குடு" என்றான். கேட்டவர்களுக்கெல்லாம் மூச்சு வந்தது.

மாரிசாமி நிறுத்தினான். எழுந்து நின்றான்.

"அவன் காதுல சொன்னது என்னான்னா," என்று உரக்கத் தொடங்கி, எந்த வழியால் போவது, யார் விளக்கை அணைப்பது, எங்கே ஓடம் நிற்கும் என்று ஒன்று விடாமல் சொன்னான்.

"ஐயோ, சொல்லாதீங்கண்ணே! சொன்னா கெட்டுப்போயிரும்!" என்று பெண்கள் கத்தினார்கள்.

"கெட்டுப்போவட்டும்" என்றான். "எல்லாருக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுண்ணே."

கூட்டத்தின் கடைசியில் இராக்கம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாரிசாமி கீழே ஓடைப் பக்கம் திரும்பினான். பிள்ளைக் காம்பராவில் அடுப்புப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. கையை வாயில் குவித்து வைத்துக்கொண்டு, அந்தத் திட்டத்தை முதலிலிருந்து மறுபடியும் சொன்னான்.